சில்லு வைச்ச வீடு

மேல்வீட்டு அக்கா இப்போது மொன்ட்ரியாலில் இல்லை. எப்போது எங்கே போகப்போகிறார் என்று எங்களில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார், சாமான்களை வான் வண்டியில் ஏற்றினார், என் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சி "போட்டு வாறன் பிள்ளை" என்றார். நானும் வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை. நான்கைந்து நாள் கழித்து ஃபோன் எடுத்து, "நாங்கள் கல்கரிக்கு வந்து சேந்திட்டம்" என்றார். நாட்டின் மறுபக்கத்துக்குக் குடிபெயர்கிற மனுசி, ஏதோ கடைக்குப் பால் வாங்கப் போகிற ஆள் போலத்தான் படி இறங்கிப் போயிருக்கிறார்.

அதுதான் அக்கா. போகிற இடத்தை அவர் வாயால் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் ஒரே கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் இரண்டாம் மாடியில் தனி ஆள். அக்காவும் அண்ணையும் மூன்றாம் மாடி. இரண்டு பேருக்கும் மன்னார்ப் பக்கம். அக்காவுக்கு டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. அண்ணை தன் வானில் கடை கடையாகச் சாமான் போடுகிறவர். நான் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் கார்டெறி ஒன்றில் வேலை செய்ததால் பிரெஞ்சு ஓரளவுக்கு ஓடும். அதனால் அந்தக் கட்டடத்துத் தமிழ் ஆட்களுக்கு வருகிற கடிதம், டொக்டர், டெலிஃபோன் கொம்பனிச் சண்டை எல்லாம் என் தலையில்தான் விடியும்.

நான் குடிவந்த கிழமை. பனி கொட்டுகிறது. அக்கா சப்பாத்து, ஜக்கெற், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு படியால் இறங்கி வருகிறார். புதுச் சனத்தோடு நல்லபடி பழகவேண்டும் என்ற ஆசையில் நான் வாயைத் திறந்து, "எங்கயக்கா வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா அப்படியே நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி மேலே ஏறினார். கதவு திறக்கிற சத்தம், சப்பாத்துக் கழற்றுகிற சத்தம், கதிரை இழுபடுகிற சத்தம், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் எல்லாம் ஒழுங்காகக் கேட்டன. நான் என்ன பிழை விட்டேன் என்று தெரியாமல் அதே இடத்தில் முழித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் முழு உடுப்போடு இறங்கி வந்தார்.

"நீ நல்ல பிள்ளை போல கிடக்கு," என்றார். "ஆனா வெளிக்கிடுற ஆளைப் பாத்து 'எங்க' எண்டு கேக்கக் கூடாது. அலுவல் பிழைச்சுப்போம். 'தூரமோ' எண்டு கேள்."

"தூரமோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை, கிட்டத்தான்." முகம் முழுக்கச் சிரித்துவிட்டுப் போனார். இந்தக் கூத்துக்குள் அவருடைய பஸ் போய்விட்டது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். பனிக்குள் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தார், முகத்தில் ஒரு கோபமும் இல்லை.

இந்த நம்பிக்கை எங்கள் ஆட்கள் கனபேருக்கு உண்டு. ஊரில் என் அம்மாவும் 'எங்க' என்று கேட்டால் முகம் சுளிப்பார். ஆனால் அக்காவுக்கு இது பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த பதினோராவது கட்டளை. பங்குச் சாமியார் ஒருமுறை, "அம்மா, இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார். "ஓம் சாமி, ஓம் சாமி" என்று தலையை ஆட்டிவிட்டு, போகும்போது அவரும் வாசலில் நின்று எங்கே என்று கேட்டு வைப்பாரோ என்ற பயத்தில் அக்கா பின்கதவால் வந்தாராம். இதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் பழக்கத்தை விட மாட்டார்.

இதில் பாவம் அண்ணைதான். இத்தனை வருடக் கலியாண வாழ்க்கையில், வானை ஸ்ரார்ட் பண்ணினால் அவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று: "வலதோ, இடதோ?" அக்கா பக்கத்தில் இருந்து கையைக் காட்டுவார். அண்ணை அந்தப் பக்கம் திருப்புவார். ஒருமுறை சாமான் வாங்கத்தான் போகிறோம் என்று நினைத்து, வேலைச் சேட்டும் எண்ணெய் பிரண்ட காற்சட்டையுமாக அண்ணை வானை ஓட்ட, அது போய் ஒரு கலியாண மண்டப வாசலில் நின்றது. அக்கா பின் சீற்றில் இருந்து மடித்த கோட்சூட்டை எடுத்துக் கொடுத்தார். அண்ணை வானுக்குள்ளேயே உடுப்பு மாற்றி, ஒரு கால் வெளியிலும் ஒரு கால் உள்ளேயும் நிற்க, பெண் வீட்டார் பன்னீர்ச் செம்போடு வந்துவிட்டார்கள். "அவவோட வாழுறது சுகம், ஒண்டையும் யோசிக்கத் தேவையில்லை," என்று அண்ணை என்னிடம் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அக்காவுக்கு இன்னொரு பேரும் இருந்தது. கைராசிக்காரி. எங்கள் ஆட்கள் யார் வீடு வாங்கினாலும் குடிபூரலுக்கு அவரைக் கூப்பிட்டுத்தான் பால் காய்ச்சுவிப்பார்கள். லவால், பிறோசார் என்று எத்தனை புது வீட்டு அடுப்பில் அவர் கையால் பால் பொங்கியிருக்கிறது. பால் பொங்கி வழிகிறபோது எல்லாரும் கைதட்டுவார்கள், அக்கா முதல் கிளாசை வீட்டுக்காரியிடம் கொடுப்பார், பிறகு பின்னேரம் அண்ணையின் வானில் ஏறி மூன்றாம் மாடி வாடகை வீட்டுக்குத் திரும்பி வருவார்.

வீடு வாங்க அவர்களுக்கு ஏலவில்லை. உழைத்த காசில் முதலில் கூடப்பிறந்தவர்களை ஒவ்வொருவராகக் கனடாவுக்கு எடுத்தார்கள். எல்லாரையும் எடுத்து முடித்து மூச்சு விட்டுப் பார்த்தால் வீட்டு விலை எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. அப்படி எடுத்த கடைசித் தங்கச்சிதான் ஆற்றுக்கு நடுவில் இருக்கிற இல்-பிசார் தீவில் வீடு வாங்கினார். தனி வீடு, முன்னால் புல்லு, பின்னால் புல்லு, பக்கத்து வீட்டுக்காரனைக் காண்பதென்றால் கொஞ்சம் நடக்கவேண்டும். அந்தக் குடிபூரலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வழக்கம்போல அக்கா பால் காய்ச்சினார். பால் பொங்கிக் கைதட்டல் ஓய்ந்ததும் தங்கச்சி எல்லாருக்கும் கேட்கச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"அக்கா எல்லாற்றை வீட்டிலையும் பால் காய்ச்சிப்போட்டா. அவவின்ர வீட்டுப் பாலைத்தான் நாங்கள் இன்னும் குடிக்கேல்ல. எப்பயக்கா கூப்பிடப் போறியள்?"

சபை சிரித்தது. தங்கச்சி கெட்ட மனுசி இல்லை, வாயில் வந்ததைச் சொல்லிச் சிரிக்கிற பிறவி. அக்காவும் சிரித்தார். ஆனால் வானில் திரும்பி வரும்போது கை காட்ட மறந்துவிட்டார். அண்ணை ஒரு சந்தியில் வானை நிறுத்தி, "வலதோ இடதோ?" என்று இரண்டு தரம் கேட்டார். வீட்டுக்குத் திரும்புகிற வழி அவருக்குத் தெரியாதா என்ன? அக்காவின் குரலைக் கேட்கத்தான் கேட்டார்.

அடுத்த வசந்தம், தெருவில் பனி கரைந்து ஊத்தைத் தண்ணீராக ஓடுகிற காலம். அக்கா என்னை மேலே கூப்பிட்டு, குசினி யன்னலைச் சாத்திவிட்டு, காதுக்குள் சொன்னார்.

"பிள்ளை, வீடு வாங்கப் போறன்."

நான் போட்ட சத்தத்தில் அண்ணை குளியலறையில் இருந்து ஓடி வந்தார்.

"கத்தாதை விசரி. சில்லு வைச்ச வீடு," என்று சொல்லி அக்கா ஃபோனைக் காட்டினார்.

வாகனத்தின் பின்னால் கொழுவி, சக்கரத்தில் இழுத்துப் போகிற சின்ன வீடு. இந்த ஊரில் றூலொட் என்பார்கள். வெள்ளை உடம்பு, நடுவில் ஒரு நீலக் கோடு. உள்ளே ஒரு கட்டில், மேசை, காஸ் அடுப்பு, கைகழுவுகிற தொட்டி, பூப்போட்ட திரைச்சீலை. லவாலில் ஒரு கிழவர் விற்கப் போட்டிருந்தார். பழையதுதான், ஆனால் வடிவாக வைத்திருந்தார். முன்பக்கம் ஒரு கதவு இருந்தது. அக்கா படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து அந்தக் கதவையே காட்டினார். "பார் பிள்ளை, பூட்டு, திறப்பு, எல்லாம் இருக்கு. என்ர கதவு." அந்த மனுசியின் முகம் அப்படி மின்னி நான் அதற்கு முன் கண்டதில்லை.

கையில் இருந்தது பாதிக் காசு. மீதிக்குக் கடன் வேண்டும். எங்கள் சனம் என்றால் சீட்டுப் பிடித்து எடுக்கும். கோவில் ஆட்கள் நடத்துகிற சீட்டில் அக்காவும் ஒரு ஆள். "சீட்டைத் தள்ளி எடுத்தா என்னக்கா?" என்று கேட்டேன். என்னை அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

"சீட்டை எடுத்தா, அத்தினை பேரும் என்னத்துக்கு எண்டு கேப்பினம். சொன்னா, எங்க போகப் போறியள் எண்டு கேப்பினம். பேந்து அது உருப்படுமே? வங்கியிலை எடுத்தா ஒரு ஆள்தான் கேக்கும். அதுவும் வெள்ளைக்காரி. அதுக்கு என்ன தெரியும்?"

அந்த வெள்ளைக்காரியால் வரப்போகிற வினையை அப்போது நாங்கள் அறியவில்லை.

கிழவர் சனிக்கிழமை வரைக்கும் பொறுப்பேன் என்றார், அதற்குள் காசு வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். வங்கியில் எங்களுக்குக் கிடைத்த நேரம் வியாழக்கிழமை. மூன்று பேராகப் போகக் கூடாது என்று அண்ணையை வானுக்குள்ளேயே இருத்திவிட்டு, அக்கா பூசைக்குக் கட்டுகிற நீலச் சீலையோடு என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். கடன் பகுதியில் இருந்தது சின்னப் பெட்டை, கண்ணாடி போட்டு, நல்ல சிரித்த முகம். எதற்குக் கடன் என்று கேட்டாள்.

"வீட்டுக்கு எண்டு சொல்லு," என்றார் அக்கா. நானும் சொன்னேன். அவள் தொகையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், இந்தக் காசுக்கு மொன்ட்ரியாலில் வீடு எங்கே இருக்கிறது, எனக்கும் சொல்லுங்கள் என்றாள். நான் றூலொட் படத்தைக் காட்டினேன். அவளுக்கும் பிடித்துவிட்டது. சின்னக் கடன், மூன்று வருடத்தில் கட்டலாம், பிரச்சினை இல்லை என்று சொல்லிக்கொண்டே கொம்பியூட்டரைத் தட்டினாள். தட்டத் தட்ட அவள் முகம் மாறியது. இதற்கு முன்பு எங்கே கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

அக்கா நிமிர்ந்து இருந்தார். இந்தக் கேள்விக்காகவே வந்தவர்போல இருந்தது. "ஒருத்தரிட்டையும் ஒரு சதம் கைநீட்டி வாங்கினதில்லை எண்டு சொல்லு. கிறெடிற் கார்ட் கூட இல்லை. வடிவாச் சொல்லு." நானும் மூளையைப் பாவிக்காமல், அக்காவின் நற்குணத்தை எடுத்து விளக்குகிற ஆளைப்போல அழுத்தி அழுத்திச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய வரலாறு இல்லாத ஆளை வங்கிக்குத் தெரியாது, தெரியாத ஆளுக்குக் கடன் கொடுக்க ஏலாது என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். அக்காவுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

"கடன்காரனுக்குத்தான் கடன் குடுப்பினமோ?" என்றார். "இதென்ன ஞாயம் பிள்ளை?"

ஊரில் பெண் கேட்டு வருகிறவர்களிடம்கூட "கடன் கிடன் இல்லாத குடும்பம்" என்றுதான் பெருமையாகச் சொல்வோம். அதையே இங்கே சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டோம். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அந்தப் பெட்டைக்கும் பாவமாகப் போயிற்று. வீட்டில் வேறு யாருக்காவது கடன் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டாள்.

நான் நேரே வானுக்கு ஓடினேன். அண்ணை! அந்த வானையே அவர் தவணைக்குத்தான் வாங்கினார். அதற்கு முன்னால் ஓட்டிய வானும் தவணை. மாதம் தவறாமல் கட்டுவார், மாதம் தவறாமல் அக்காவிடம் ஏச்சும் வாங்குவார். அண்ணையை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன். அக்கா விரலால் எண்ணி, "இந்தப் பிள்ளையோட நாலு பேர், சரி," என்று வங்கிப் பெட்டையையும் எங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அண்ணையின் விபரம் கொம்பியூட்டரில் வந்ததும் அவள் கைதட்டாத குறை. இவர் அருமையான ஆள், ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை என்றாள்.

"நான் ஏசின கடன்தான் கை குடுத்திருக்கு," என்றார் அக்கா.

"இனியெண்டாலும் ஏசாதையும்," என்றார் அண்ணை.

பத்திரங்கள் வந்தன. அண்ணை கையெழுத்து வைத்தார். பேனையை அக்காவிடம் கொடுத்தார். அக்கா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு பேனை முனையைக் கடதாசியில் வைக்கப் போகிற நேரம், அந்தப் பெட்டை சந்தோச மிகுதியில் அக்காவின் முகத்தைப் பார்த்து, "அப்போ, முதல் பயணம் எங்கே போகப் போகிறீர்கள்?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் குசினியில் இத்தனை வருடம் வேலை செய்த மனுசிக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்காதா?

அக்கா பேனையை வைத்தார். எழும்பினார். வெளியே போய்விட்டார்.

வங்கிப் பெட்டையின் முகம் வெளுத்தது. அண்ணையை ஒரு மாதிரிப் பார்த்தாள். மனைவிக்கு இந்தக் கடனில் விருப்பம் இல்லையா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று என்னிடம் கேட்டாள். அப்படியென்றால் இன்றைக்கு விடுங்கள், இதை அடுத்த கிழமைக்குத் தள்ளி வைக்கலாம் என்று பத்திரங்களை அடுக்கத் தொடங்கினாள். அடுத்த கிழமை என்றால் றூலொட் போய்விடும். அண்ணை, "ஐயோ பிள்ளை, சொல்லு, சொல்லு" என்று என் கையைப் பிடித்து உலுக்குகிறார். மனுசியை அடித்து மிரட்டிக் கொண்டுவந்த புருசன் என்று நினைத்துவிட்டாளே என்று அவருக்கு வேர்த்துவிட்டது.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டினேன். வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது, தூரமோ என்றுதான் கேட்கவேண்டும், எங்கே என்றால் போகிற அலுவல் பிழையாகிவிடும், அதனால் திரும்பிப் போய் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்குவார், அவருக்கு இந்தக் கடன் வேண்டும், உயிர் போல வேண்டும் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கண்ணாடிச் சுவரால் எட்டிப் பார்த்தாள். வெளியே ஆட்கள் காத்திருக்கிற கதிரையில் அக்கா இருந்து, வங்கியின் தண்ணீர்க் குழாயில் பிடித்த கடதாசிக் கிளாசில் ஆறுதலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

குடித்து முடித்து எழும்பினார். சீலைத் தலைப்பைச் சரிசெய்தார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, அன்றைக்குத்தான் முதல் தடவை காண்கிற மாதிரி அந்தப் பெட்டையைப் பார்த்து, "பொன்ஜூர்" என்றார்.

அவளும் எழும்பி நின்று பொன்ஜூர் சொன்னாள். பத்திரங்களைத் திரும்ப விரித்தாள். ஆனால் பேனையைக் கொடுக்கவில்லை. என்னைப் பேச வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, அக்காவிடம் நேரே கேட்டாள். "மதாம், இந்தக் கடன் உங்களுக்கு வேண்டுமா? உண்மையாகவே வேண்டுமா?"

அக்காவுக்கு வாயில் வருகிற பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு மட்டும்தான். தலைமைச் சமையல்காரர் கட்டளை இட்டால் ஓம் சொல்லிப் பழகிய அதே குரலில், வங்கி முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"வுய், ஷெஃப்!"

அடுத்த மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெட்டை வாய்விட்டுச் சிரித்துப் பேனையை நீட்டினாள். அக்கா கையெழுத்து வைத்தார். எழும்பி வரும்போது அவள் கொஞ்சம் தயங்கி, நான் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டாள்: "தூரமோ, மதாம்?"

"நோன், ஷெஃப்," என்றார் அக்கா. அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

அண்ணைக்கு அன்று முழுக்க அதே யோசனை. தூரமில்லை என்றால் எங்கே? றூலொட் வாங்குகிறவர்கள் கஸ்பே கடற்கரைக்குப் போவார்கள், நயாகரா போவார்கள். "கிட்ட எண்டா எங்க பிள்ளை? உன்னட்டை ஏதும் சொன்னவவோ?" என்று படியில் மறித்து மறித்துக் கேட்டார். என்னிடம் சொல்லியிருந்தால் நான்தான் வெடித்திருப்பேனே. சனிக்கிழமை நீயும் வா என்று மட்டும்தான் அக்கா எனக்குச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை நல்ல வெய்யில். அண்ணை வானுக்குப் பின்னால் புதுக் கொழுக்கி பூட்டி, அதைத் துணியால் வேறு துடைத்து வைத்திருந்தார். நான் பின் சீற்றில். என் மடியில் ஒரு பெட்டியைத் தந்து, திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார் அக்கா. லவாலில் கிழவர் றூலொட்டைக் கழுவி மினுக்கி நிறுத்தியிருந்தார். காஸ் எப்படித் திறப்பது, லைற் எப்படிக் கொழுவுவது என்று பொறுமையாகக் காட்டினார். முதுகு வலியால் இனி இழுத்துத் திரிய ஏலாது, நல்ல கையில் கொடுக்கிறேன் என்று சந்தோசம் என்றார். அக்கா கதவைத் திறந்தார், பூட்டினார், திறந்தார், பூட்டினார். கிழவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். மற்ற விளக்கங்களை நிறுத்திவிட்டுத் திறப்பை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

வானை எடுத்ததும் அண்ணை கேட்டார், "வலதோ, இடதோ?"

வலது, இடது, நேரே, திரும்ப இடது. பின்னால் எங்கள் வீடு ஆடி ஆடி வருகிறது. அண்ணை கண்ணாடியில் அதைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக ஓட்டினார். நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை. கடைசியில் தெரு ஆற்றங்கரையில் போய் முடிந்தது. அங்கே, ஆறு உறையாத மாதங்களில் மட்டும் ஓடுகிற, வாகனம் ஏற்றுகிற சின்னப் பாதைப்படகு நின்றது. நாலைந்து காரோடு நிரம்பிவிடும். அது போவது ஒரே ஒரு இடத்துக்குத்தான், எதிர்க்கரையில் தங்கச்சி இருக்கிற இல்-பிசாருக்கு.

அண்ணை பிரேக்கில் காலை வைத்தபடி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் விளங்கிவிட்டது.

"இஞ்சாரும்..." என்றார் அண்ணை.

"கதைக்காமல் ஏத்துங்கோ," என்றார் அக்கா.

படகுக்காரன் கையைக் காட்டிக் காட்டி எங்களை ஏற்றினான். றூலொட்டின் சில்லு பலகையில் ஏறும்போது டமார் என்று சத்தம். அண்ணை "மாதாவே!" என்று கத்த, அக்கா யன்னலால் தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், காணும்!" என்று கட்டளை இட்டார். ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. அக்காவின் தலைமயிர் எல்லாம் கலைந்துவிட்டது. அவர் சரிசெய்யவே இல்லை.

தங்கச்சி வீட்டு முன்வாசலில் வான் நிறுத்துகிற இடம் விசாலமானது. அண்ணை முன்னும் பின்னுமாக வெட்டித் திருப்பி, தெருவில் போனவர்களை எல்லாம் நின்று பார்க்க வைத்து, றூலொட்டை நேரே நிறுத்தினார். அக்கா இறங்கி, திறப்பால் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். நாங்கள் பின்னால். என் மடியில் இருந்த பெட்டியைத் திறந்தார். மாதா சுருவம், மெழுகுதிரி, புதுப் பானை, பால், கிளாசுகள். அடுப்பைப் பற்றவைத்தார். பானையை வைத்து, எடுத்துத் துடைத்து, திரும்ப வைத்தார். எத்தனை வீட்டில் எத்தனை பேருக்கு முன்னால் ஒரே தரத்தில் பானை வைத்த கை.

தங்கச்சி வீட்டுக்குள் இருந்து வந்துவிட்டார். காலில் வீட்டுச் செருப்பு, கையில் கரண்டி.

"அக்கா? என்னக்கா இது? ஆரின்ரை?"

"என்ர வீடு," என்றார் அக்கா, பாலில் இருந்து கண்ணை எடுக்காமல். "எப்ப கூப்பிடப் போறன் எண்டு கேட்டியெல்லே? இண்டைக்குக் குடிபூரல். உனக்குத்தான் முதல் சொல்லுறன்."

தங்கச்சியின் வாய் எனக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் அவ்வளவு பெரிய வீடு நிற்கிறது, முன்னால் நீலக் கோடு போட்ட இந்தப் பெட்டி. ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், விளையாட்டாகச் சிரித்தாலும் போதும், அக்கா அதற்குப் பிறகு இந்தக் கதவைத் திறக்க மாட்டார். அண்ணை தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது. றூலொட் கூரையில் இருந்த புகை அலாரம் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. அண்ணை தொப்பியால் விசுக்கினார். நான் யன்னலைத் தள்ளித் திறந்தேன். கைதட்ட ஒருவருக்கும் நினைவில்லை. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, முதல் கிளாசில் பாலை வார்த்து, கையில் பிடித்தபடி வாசல் பக்கம் திரும்பினார்.

தங்கச்சியின் உதடு சிரிக்கத்தான் போனது. பிறகு அக்காவின் கையில் இருந்த கிளாசைப் பார்த்தார். மாதாவுக்கு முன்னால் எரிகிற மெழுகுதிரியைப் பார்த்தார். கரண்டியை அப்படியே புல்லில் வைத்தார். குனிந்து, செருப்பு இரண்டையும் கழற்றி, படிக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறினார்.

"பாத்து வா," என்றார் அக்கா. "தலை இடிக்கும்."